மூன்றாம் முறை தேறிய மாணவர்

பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தோற்று, சென்னையில் மூன்றாம் முறை எழுதித் தேறியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-இல் பீமவரத்தில் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்தவர். என் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். மகனை மீண்டும் மீண்டும் தேர்வெழுத அனுப்பிய அந்தத் தாயை எண்ணாமல் மேலே எழுத எனக்கு மனம் வரவில்லை.

சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அணிந்ததால் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார்; எம்.பி.பி.எஸ். கிட்டவில்லை, எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. 1923-இல் பாஸ்டன் சென்றார். மருத்துவமனையில் இரவுக் கூலி வேலை, ஹார்வர்டில் படிப்பு. 1940-இல் லெடர்லி ஆய்வகம் சேர்ந்தார். செல் பெருக இன்றியமையாத ஃபோலிக் அமிலத்தை அவர் குழு 1945-இல் செயற்கையாக ஆக்கியது.

நம் உடலின் செல்கள் அனைத்திலும் ஜீன்கள் ஏறக்குறைய ஒன்றே. நம் காஞ்சித் தறியில் ஜக்கார்டு அட்டையில் துளையுள்ள இடத்தில்தானே பாவு நூல் எழுகிறது? அதுபோல எந்த ஜீன் இயங்குகிறது, எது அடங்குகிறது என்பதைப் பொறுத்தே எலும்பு மஜ்ஜையின் மூலச்செல் நோயெதிர்ப்பு வெள்ளணுவாக முதிர்கிறது. இக்கட்டுப்பாடு குலைந்தால் முதிராத வெள்ளணுக்கள் ஓயாது பெருகும். குழந்தைகளைத் தாக்கும் இரத்தப் புற்றுநோய் பெரும்பாலும் இதுதான்.

ஃபோலிக் அமிலம் போலவே தோன்றி, அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு பெருக்கத்தைத் தடுக்கும் அமினோப்டெரினையும் அக்குழுவே ஆக்கியது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அதனைக் குழந்தைகளுக்கு அளித்தார். 1948-இல் வெளியான அறிக்கையின்படி 16 குழந்தைகளில் 10 பேர் நலம் கண்டனர். சில மாதங்களே! நோய் திரும்பியது. ஆனால் அதற்குமுன் அந்தச் சில மாதங்கள் வாய்த்ததும் மிக அரிது.

அவ்வாண்டு ஆகஸ்டில், 53 வயதில், தாய்நாடு திரும்பாமலே சுப்பாராவ் மறைந்தார். அமினோப்டெரினின் இனமான மெத்தோட்ரெக்சேட் இன்றும் இரத்தப் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் தரப்படுகிறது.