படிப்பு நின்றது, படிப்பது நிற்கவில்லை!

சென்னைக்கு மேற்கே, போரூரையும் தாண்டிச் சென்றால் தண்டலம் என்ற ஊர் வரும். முன்பு அதற்குத் துள்ளம் என்று பெயர். அந்தக் காலத்தில் அது செங்கற்பட்டு மாவட்டத்தில் ஒரு சிற்றூர்.

அந்த ஊரில் 1883-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தந்தை விருத்தாசல முதலியார். தாய் சின்னம்மாள். குழந்தைக்குக் கலியாணசுந்தரம் என்று பெயர் வைத்தார்கள்.

முன்னோர்களின் ஊர் திருவாரூர். எனவே ஊரின் பெயரில் "திரு", தந்தையின் பெயரில் "வி", தம் பெயரில் "க". இந்த மூன்றும் சேர்ந்து திரு.வி.க. ஆனது. தமிழ்நாடு முழுவதும் அறிந்த பெயர் அது.

பள்ளிப் படிப்பை முடிக்காதவர் அவர். ஆனால் படிப்பதை ஒரு நாளும் விடாதவர். இரண்டு பத்திரிகைகளை நடத்தி, தமிழ் மக்களுக்குப் பத்திரிகை படிக்கும் ஆசையை ஊட்டியவர்.

கை கால் முடங்கியது

கலியாணசுந்தரத்தின் முதல் ஆசிரியர் அவருடைய தந்தைதான். வீட்டுத் திண்ணையில் கற்க வேண்டியதைக் கற்ற பிறகு, சிறுவன் சென்னை இராயப்பேட்டைக்கு வந்தான். 1894-ல் வெஸ்லி பள்ளியில் நான்காம் வகுப்பில் சேர்ந்தான்.

சில நாளில் நோய் வந்தது. கையும் காலும் முடங்கின. மற்றப் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். அவன் படுக்கையில் கிடந்தான். இப்படி நான்கு ஆண்டுகள் கழிந்தன.

இனிமேல் படிப்பு எதற்கு என்று அவன் சோர்ந்துவிடவில்லை. உடல் தேறியதும் மறுபடி பள்ளிக்குப் போனான். தன்னைவிடச் சிறிய பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தான். வகுப்பில் முதல்வனாகத் தேறினான்.

ஆசிரியருக்காகத் தேர்வை இழந்தார்

வெஸ்லி பள்ளியில் அவருக்குத் தமிழ் கற்பித்தவர் யாழ்ப்பாணம் கதிரைவேற்பிள்ளை. பெரும் புலவர். மாணவனுக்குத் தமிழின்மீது தீராத பற்று உண்டாகச் செய்தவர் அவரே.

1904-ம் ஆண்டு. கலியாணசுந்தரம் ஆறாம் படிவத் தேர்வு எழுத வேண்டிய நேரம். அப்போது கதிரைவேற்பிள்ளை ஒரு வழக்கில் சிக்கியிருந்தார். அவருக்காக மாணவர் நீதிமன்றத்துக்குச் சாட்சி சொல்லப் போக வேண்டியதாயிற்று.

ஒரு பக்கம் தேர்வு. மறுபக்கம் குரு. தேர்வு எழுதினால் உத்தியோகம் கிடைக்கும். ஆனால் குருவை நட்டாற்றில் விட அவர் மனம் இடம் தரவில்லை. தேர்வு போயிற்று. அத்துடன் பள்ளிப் படிப்பும் முடிந்தது.

பள்ளியின் கதவு மூடியதே தவிர, புத்தகத்தின் கதவு மூடவில்லை. மயிலை தணிகாசல முதலியாரை அடுத்துத் தமிழ் நூல்களையும் சைவ நூல்களையும் அவர் கற்றார்.

கணக்கு வேலையும் நாட்டுப் பற்றும்

வயிற்றுப் பாட்டுக்கு வேலை வேண்டுமே! ஸ்பென்சர் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது.

அது சுதேசி இயக்கம் மூண்டிருந்த காலம். பத்திரிகைகள் நாட்டில் தீயை மூட்டிக்கொண்டிருந்தன. சென்னையில் "சுதேசமித்திரன்" நாளேடாக வந்துகொண்டிருந்தது. 1906-ல் "இந்தியா" வார இதழ் தொடங்கியது. அதில் பாரதியார் எழுதினார். வடக்கே திலகர் "கேசரி"யை நடத்தினார். அதில் எழுதியதற்காக 1908-ல் அவருக்கு 6 ஆண்டு தண்டனை விதித்து, பர்மாவில் உள்ள மாந்தலேச் சிறைக்கு அனுப்பினார்கள்.

ஒரு பத்திரிகைக் கட்டுரையைக் கண்டு பெரிய சர்க்காரே அஞ்சுகிறது என்றால், எழுத்துக்கு எவ்வளவு வலிமை! திலகரின் போராட்டம் திரு.வி.க.வின் உள்ளத்தைக் கவர்ந்தது. வெள்ளையர் கம்பெனி வேலையை அவர் விட்டார்.

பின்பு ஆயிரம் விளக்கில் வெஸ்லியன் பள்ளியில் ஆசிரியரானார். அதன் பிறகு இராயப்பேட்டை வெஸ்லி கல்லூரியில் தலைமைத் தமிழாசிரியர் பதவி கிடைத்தது. பள்ளித் தேர்வு எழுதாதவருக்குக் கல்லூரியில் நாற்காலி! அவருடைய படிப்புக்குக் கிடைத்த மரியாதை அது.

"தேசபக்தன்" பிறந்தது

அந்த நாற்காலியிலும் அவர் நெடுநாள் உட்காரவில்லை. 1917-ம் ஆண்டு டிசம்பரில் "தேசபக்தன்" என்ற நாளேட்டுக்கு ஆசிரியரானார்.

அது ஆபத்தான தொழில். 1910-ல் சர்க்கார் கொண்டுவந்த அச்சகச் சட்டம் அமலில் இருந்தது. பத்திரிகை நடத்துவோரிடம் ஜாமீன் தொகை கேட்கலாம். எழுத்து பிடிக்காவிட்டால் அதைப் பறிமுதல் செய்யலாம். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு, இந்தக் கத்தியின் அடியில் தலையை நீட்டினார் திரு.வி.க.

அக்காலத்தில் படித்தவர்கள் மேடையேறினால் ஆங்கிலத்தில் பேசுவார்கள். பத்திரிகைத் தமிழிலோ வடசொல்லும் ஆங்கிலச் சொல்லும் மண்டிக் கிடக்கும். சாதாரண மக்களுக்கு அரசியல் எட்டாத கனியாக இருந்தது.

திரு.வி.க. அந்த வழக்கத்தை மாற்றினார். சிறு சிறு வாக்கியமாக எழுதினார். நல்ல தமிழ்ச் சொற்களை எடுத்து ஆண்டார். ஒருவர் உரக்கப் படித்தால், எழுத்தறியாத பத்துப் பேர் கேட்டுப் புரிந்துகொள்ளும்படி நடை அமைந்தது. மேடையிலும் அதே தமிழ்தான். தென்றல்போல இனிமையாக வந்ததால், "தமிழ்த் தென்றல்" என்று மக்கள் அவரை அழைத்தார்கள்.

வீட்டில் இருள்

வெளியில் புகழ் வளர்ந்தபோது வீட்டில் இருள் சூழ்ந்தது. 1912-ல் அவர் கமலாம்பிகையை மணந்திருந்தார். இரண்டு குழந்தைகள் பிறந்தன. இரண்டும் இறந்துபோயின. 1918-ல் மனைவியும் மறைந்தார். இல்லற வாழ்வு ஆறே ஆண்டுகளில் முடிந்துவிட்டது. திரு.வி.க. மறுமணம் செய்துகொள்ளவில்லை.

அதே 1918-ம் ஆண்டு ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காக அமைந்த சங்கம் அது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். வாடியா தலைவர். திரு.வி.க. துணைத் தலைவர். சொந்தக் குடும்பத்தை இழந்தவருக்குத் தொழிலாளர் குடும்பங்கள் எல்லாம் சொந்தமாயின.

"நவசக்தி"

1920-ல் "தேசபக்தனை" விட்டு விலகினார். அதே ஆண்டு அக்டோபரில் "நவசக்தி" என்ற வார இதழைத் தொடங்கினார். இராயப்பேட்டையில் அவருடைய சாது அச்சுக்கூடத்தில் அது அச்சாயிற்று. ஏறத்தாழ 20 ஆண்டுகள் அதை நடத்தினார்.

அரசியல், சமயம், பெண்கள் உரிமை, தொழிலாளர் குறை ஆகிய எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருந்தது. பிற்காலத்தில் பெரும் எழுத்தாளராக விளங்கிய கல்கி, 1923 முதல் சில ஆண்டுகள் அங்கேதான் துணை ஆசிரியராக வேலை பார்த்தார்.

1925-ல் காஞ்சிபுரத்தில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. தலைமை வகித்தவர் திரு.வி.க. வகுப்புரிமைத் தீர்மானத்தை அவர் அனுமதிக்கவில்லை. அதனால் பெரியார் வெளியேறினார். கொள்கையில் இருவரும் எதிர் எதிர்த் திசையில் போனார்கள். ஆனால் நட்பு முறியவில்லை.

எழுதிய கைக்குக் காவல்

1947-ல் நாடு விடுதலை அடைந்தது. அந்த ஆண்டில் சென்னை ஆலைத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். திரு.வி.க. அவர்கள் பக்கம் நின்றார். அப்போது மாகாணத்தில் நடந்தது காங்கிரஸ் ஆட்சி. அந்த ஆட்சி வருவதற்காகப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். அந்த ஆட்சியே அவரை வீட்டுக் காவலில் வைத்தது. அப்போது அவருக்கு வயது 60-ஐத் தாண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய சோதனை ஒன்று பின்னால் வந்தது. கண் பார்வை போயிற்று. வாழ்நாள் எல்லாம் எழுத்தோடு வாழ்ந்தவருக்கு ஓர் எழுத்தும் தெரியவில்லை. சிறு வயதில் கை கால் முடங்கிப் படுத்தவர், முதுமையில் மறுபடி படுக்கையில் விழுந்தார்.

அப்போதும் அவர் ஓயவில்லை. அவர் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் எழுதினார்கள். அப்படி வந்த நூல்களில் ஒன்றுக்கு "முதுமை உளறல்" என்று பெயர் வைத்தார். இன்னொன்றுக்குப் "படுக்கைப் பிதற்றல்" என்று பெயர். துன்பத்திலும் தம்மைப் பார்த்துத் தாமே சிரிக்கும் பெரிய மனம் அவருக்கு இருந்தது.

1953-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந் தேதி திரு.வி.க. காலமானார்.

இன்று கிண்டித் தொழிற்பேட்டைக்கு அவர் பெயர் இருக்கிறது. சென்னையில் ஒரு நகர்ப் பகுதிக்கும் அவர் பெயர் இருக்கிறது. ஆனால் அவருடைய உண்மையான நினைவுச் சின்னம் வேறு. வேலைக்குப் போகும் தொழிலாளி பத்திரிகையைப் பிரிக்கிறான். அதில் இருப்பது அவனுக்குப் புரிகிறது. வீட்டில் ஒரு தாய் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள், அவளுக்கும் புரிகிறது. அந்த எளிய தமிழுக்குப் பாதை போட்டவர்களில் முன் நிற்பவர், துள்ளத்தில் பிறந்த அந்தச் சிறுவன்தான்.