தீயையும் மொழியையும் படித்தவர்

டிப்ளமோ படிக்கிற நமக்கும் பல்கலைக்கழகத்து மொழியியலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. ஒரு இன்ஜினியரின் வாழ்க்கையே அதற்குச் சாட்சி. அவர்தான் பெஞ்சமின் லீ வோர்ஃப்.

1897 ஏப்ரல் 24-ல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் விந்த்ராப் என்ற ஊரில் பிறந்தார். எம்.ஐ.டி.யில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்து 1918-ல் பட்டம் வாங்கினார். ரேங்க் மாணவர் அல்ல, மார்க்கெல்லாம் சுமார்தான்! 1919-ல் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஒரு தீ இன்சூரன்ஸ் கம்பெனியில் தீத்தடுப்பு இன்ஜினியராகச் சேர்ந்தார். கடைசிவரை அதே கம்பெனிதான்.

எங்கே, எதனால் தீப்பிடித்தது என்று ஆராய்வது அவர் வேலை. வயரிங் கோளாறு போன்ற காரணங்களைத் தேடியவருக்கு ஒன்று தட்டுப்பட்டது. சில விபத்துகளில் வார்த்தையும் ஒரு காரணம்!

பெட்ரோல் டிரம் பக்கத்தில் எல்லோரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள். காலி டிரம் என்று சொல்லிவிட்டால் போதும், பக்கத்திலேயே சிகரெட் பிடிப்பார்கள். ஆனா காலி டிரம்மில் மிச்சமிருக்கும் ஆவி காற்றோடு கலந்தால்தான் ஆபத்தே அதிகம். இன்னொரு இடத்தில், மரத்திலிருந்து ஆல்கஹால் வடிக்கும் கலன்களுக்குச் சுண்ணாம்புக்கல்லால் ஆன உறை போட்டிருந்தார்கள். கல் எரியுமா என்ற தைரியம். அசிட்டிக் அமில ஆவி பட்டுப் பட்டு, கல்லில் ஒரு பகுதி கால்சியம் அசிட்டேட்டாக மாறியிருந்தது. சூடானதும் அதிலிருந்து அசிட்டோன் கிளம்பியது. கல்லும் எரிந்தது!

எங்க அப்பா லாரிப் பட்டறையில் வெல்டர். பள்ளிக்கூடம் போகாதவர். காலி டேங்காக இருந்தாலும் கழுவி, தண்ணீர் நிரப்பித்தான் பத்த வைப்பார். வோர்ஃப் கதையைச் சொன்னதும், இது பட்டறைப் பையனுக்கே தெரியுமே என்று சிரித்தார். தெரியும்தான். ஆனா அதிலிருந்து மொழியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டவர் வோர்ஃப். ஒருவர் பேசும் மொழி அவருடைய நினைப்பையும் நடப்பையும் திருப்புமா?

வேலை நேரம் போக, மெக்சிகோவின் நாவாட்டில் மொழியைத் தானாகவே படித்தார். 1930-ல் உதவித்தொகை பெற்று மெக்சிகோ போய் வந்தார். 1931-ல் மொழியியல் அறிஞர் எட்வர்ட் சபீர், யேல் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். ஹார்ட்ஃபோர்டிலிருந்து யேல் சுமார் 60 கி.மீ. சபீரின் முதல் வகுப்பிலேயே, 34 வயதில், வோர்ஃப் மாணவராகச் சேர்ந்தார். வேலையை விடவில்லை. டாக்டர் பட்டத்தையும் தேடவில்லை. அரிசோனாவில் வாழும் ஹோப்பி மக்களின் மொழியை ஆராய்ந்தார். 1937-38-ல் அதே யேலில் பாடமும் நடத்தினார்.

1941 ஜூலை 26-ல் புற்றுநோயால் இறந்தார். வயது 44தான். அவருடைய கட்டுரைகளை 1956-ல் புத்தகமாக வெளியிட்டது, அவர் படித்த எம்.ஐ.டி.யின் பதிப்பகமே!

அவர் சொன்னதெல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். ஹோப்பி மொழியில் நம்மைப் போல காலத்தைச் சொல்லும் முறையே இல்லை என்று எழுதினார். 1983-ல் மாலோட்கி என்ற அறிஞர், காலத்தைக் குறிக்கும் சொற்கள் அதில் ஏராளம் என்று பெரிய நூலே எழுதிக் காட்டினார். பதில் தவறினாலும் கேள்வி நின்றது. மொழி நம் நினைப்பை எவ்வளவு தூரம் திருப்பும் என்று இன்றும் ஆராய்கிறார்கள்.

எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். டிப்ளமோ முடித்து வேலைக்குப் போனால் போதும் என்பதுதான் வீட்டின் எதிர்பார்ப்பு. கடன் இருக்கிறது, அது நியாயம்தான். நானும் வேலைக்குப் போவேன். ஆனா வேலை கிடைத்த அன்றோடு படிப்பு முடிந்தது என்று இனி என்னால் நினைக்க முடியாது.

நண்பர்களே! நாளை நாம் நிற்கப்போகும் பட்டறையிலும் காலி என்று எழுதிய டிரம் இருக்கும். எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே என்ன மிச்சமிருக்கிறது என்று கேளுங்கள்!

– இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்