ஷானன் நதியை நம்பிய இளைஞர்

பொறியியல் பயிலும் நண்பர்கள் நம் சங்கத்தில் கூடினால் பேச்சு அணைக்கட்டில் தொடங்கி மின்சாரத்தில் போய் நிற்கும். அந்தப் பேச்சில் இதுவரை இடம்பெறாத ஒருவரை இங்கே அறிமுகம் செய்ய விரும்புகிறேன். அவர் அயர்லாந்தின் டாமஸ் மெக்லாக்லின்.

1896-இல் ட்ரோஹடா என்னும் ஊரில் பிறந்த அவர் டப்ளினில் பட்டம் பெற்று, சிறிது காலம் கால்வே கல்லூரியில் பாடம் சொன்னார். 1922 டிசம்பரில், தாய்நாட்டில் உள்நாட்டுப் போர் ஓயாதிருந்த நேரத்தில், ஜெர்மனி சென்று சீமன்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். வயது 26. அங்கே பொமரேனியா மாகாணத்தில் கிராமங்களுக்கும் மின்சாரம் எட்டியிருப்பதைக் கண்டார். அவர் நாட்டுக் கிராமங்களிலோ எண்ணெய் விளக்குதான்!

ஷானன் பெரும்பாலும் சமவெளியில் சோம்பி நடக்கும் நதி. ஆனால் டெர்க் ஏரிக்கும் லிமெரிக் நகருக்கும் இடையே ஏறக்குறைய நூறடி இறங்கிவிடுகிறது. ஏரியின் நீரை அதன் மட்டத்திலேயே 12 கிலோமீட்டர் கால்வாயில் கொண்டுவந்து, இறக்கம் முழுவதையும் ஆர்ட்னக்ரஷா என்ற ஒரே இடத்தில் டர்பைன்கள்மீது விழச் செய்வதே திட்டம்.

இவ்வளவு மின்சாரத்தை வாங்க ஆள் எங்கே என்று கேட்டனர் பலர். நியாயமான கேள்விதான். மின்சாரம் முதலில் வரட்டும், தேவை பின்னால் வரும் என்பது மெக்லாக்லினின் துணிபு. கல்லூரித் தோழர் பாட்ரிக் மெக்கிலிகன் 1924-இல் அமைச்சரானது அவருக்கு நல்வாய்ப்பாயிற்று. அயல்நாட்டு நிபுணர் நால்வர் திட்டத்தை ஆராய்ந்தனர். 1925 ஆகஸ்டில் சீமன்ஸுடன் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தொகை சுமார் 52 லட்சம் பவுன். நாட்டின் ஆண்டு வருவாயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு!

இக்கதையில் எனக்கு உவப்பில்லாத பகுதியும் உண்டு. மண் வெட்டிய கூலியாட்களுக்கு வாரத்துக்கு 32 ஷில்லிங். தொழிற்சங்கங்கள் போராடியும் அரசாங்கம் இறங்கி வரவில்லை. தங்க இடமின்றித் தொழுவங்களில் படுத்தவர்களும் உண்டு. திட்டத்தைப் புகழ்வோர் இதை ஒரு வரியில் தாண்டிப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஷானனின் சால்மன் மீன்களும், அவற்றை நம்பிய காசில்கானல் மீன்துறையும் பட்ட நஷ்டமும் சிறிதல்ல.

1927-இல் மின்சாரம் முழுவதையும் கவனிக்க ஒரு தேசிய வாரியம் அமைந்தது. அதன் முதல் நிர்வாக இயக்குநர் மெக்லாக்லின். வயது 31 அல்லது அதற்கும் குறைவு. நம்மில் பலர் அந்த வயதில் வேலை தேடிக்கொண்டிருப்போம்! 1929 ஜூலை 22-இல் நிலையம் திறக்கப்பட்டது. 1930-களின் நடுவில் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு அங்கிருந்தே வந்தது. தேவை பின்னால் வரும் என்றவர் தோற்கவில்லை.

ஆனால் அதற்குள் அவர் தலைமைப் பதவியை இழந்திருந்தார். ஊர் ஊராகக் கம்பி இழுக்க வாரியம் செலவை அள்ளி வீச, கணக்கு வழக்கில் சச்சரவு எழுந்தது. 1931-இல் ராஜிநாமா செய்தார். துறை அமைச்சர் அப்போதும் அந்தப் பழைய கல்லூரித் தோழரே! பொதுப் பணத்துக்குக் கணக்குக் கேட்பது தவறென்று சொல்லமாட்டேன். எனினும் பெற்ற பிள்ளையின் வீட்டிலிருந்து வெளியேறியவரின் மனம் எப்படி இருந்திருக்கும்?

1932-இல் எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்தது. அவர்களே அவரை வாரியத்துக்குத் திரும்ப அழைத்தனர். தலைவராக அல்ல, இயக்குநர்களுள் ஒருவராக. தாம் எழுப்பிய வீட்டில் ஓர் ஓரத்து நாற்காலி. மறுத்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் ஏற்றுக்கொண்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் அதில் உட்கார்ந்து வேலை பார்த்தார். 1946 நவம்பரில் டப்ளினுக்கு வடக்கே கில்சாலகன் என்ற சிற்றூரில் கிராம மின்சாரத் திட்டத்தின் முதல் கம்பத்தை நட்டனர். பொமரேனியாவில் பார்த்தது சொந்த நாட்டுக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1971-இல் அவர் காலமானபோது அயர்லாந்தின் பெரும்பாலான கிராமங்களில் மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது.