ஈசிஜி தாளில் 'க்யூஆர்எஸ்': பெயர் வைத்தவர் யார், அந்த எண் எதற்கு?

ஈசிஜி தாளை வாங்கியதும் எல்லோரும் தேடுவது நார்மல் என்ற ஒரு வார்த்தையைத்தான். அதே தாளில் க்யூஆர்எஸ் என்று மில்லி செகண்டில் ஓர் எண் இருக்கும். இதயம் பலவீனமானவர்களுக்கு ரொம்ப முக்கியமான எண் அது. அந்த எழுத்துகளைச் சூட்டியவர் வில்லெம் ஐந்தோவன்.

1860-ல் ஜாவா தீவின் செமராங்கில் பிறந்தவர். டாக்டரான அப்பா சீக்கிரமே இறந்துபோக, அம்மா ஆறு பிள்ளைகளோடு நெதர்லாந்து திரும்பினார். 25 வயதிலேயே ஐந்தோவன் லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர்.

இதயத்தில் ஓடும் மின்சாரத்தை லண்டனில் அகஸ்டஸ் வாலர் 1887-லேயே பதிவு செய்துவிட்டார். ஆனால், பாதரசக் குழாயில் கிடைத்த கோடு துல்லியமாக இல்லை. இது ஆஸ்பத்திரியில் பெரிதாகப் பயன்படும் என்று வாலரே நம்பவில்லை. ஐந்தோவன் விடவில்லை. கணக்குப் போட்டுக் கோட்டைத் திருத்தி, 1895-ல் அதன் மேடு பள்ளங்களுக்கு பி, க்யூ, ஆர், எஸ், டி என்று பெயர் வைத்தார். பிறகு, வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழையைக் காந்தத்துக்கு நடுவே கட்டிப் புதுக் கருவியே செய்தார். எடை சுமார் 270 கிலோ. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி இரண்டு கையையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீரில் வைத்தபடி உட்காரணும். இதை எங்கே தூக்கிப் போவது? 1905-ல், ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆஸ்பத்திரியிலிருந்து டெலிபோன் கம்பி வழியாக ஈசிஜியை வரவழைத்தார். எப்போதும்வென்றானில் எடுத்த ஈசிஜியை இன்று போனிலேயே தூத்துக்குடி டாக்டருக்கு அனுப்பிவிடலாம். அதற்கெல்லாம் முன்னோடி இதுதான். அடுத்த வருடமே, இதயத்தில் மின்தடை உள்ளவர்களின் ஈசிஜிகளையும் வெளியிட்டார்.

இதயத்தின் கீழறைகளில் மின்சாரம் பரவ எடுக்கும் நேரமே க்யூஆர்எஸ். பெரியவர்களுக்கு 120-க்குள், அதாவது தாளில் மூன்று சின்னக் கட்டத்துக்குள் இருக்கணும். இடது மின்பாதையில் தடை வந்தால் (ரத்தக்குழாய் அடைப்பு வேறு, இது வேறு) வலது பக்கம் முந்தும், இடது பக்கம் பிந்தும். வண்டியில் பூட்டிய இரண்டு மாடும் சேர்ந்து இழுக்காத கதைதான். நாளடைவில் சிலருக்கு இதயம் விரிந்து, மூச்சிரைப்பு, கால் வீக்கம் என இதயச் செயலிழப்பில் போய் நிற்கும். விரிந்த இதயத்தில் மின்சாரம் இன்னும் தாமதிக்கும். தடை உள்ள எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. எக்கோ எடுத்தால்தான் தெரியும்.

மருந்து சாப்பிட்டும் இதயம் பம்ப் செய்யும் திறன் 35 சதவீதத்தைத் தாண்டவில்லை, இடது தடையோடு க்யூஆர்எஸ் 150-க்கு மேல் என்றால், இரண்டு பக்கத்தையும் சேர்ந்து துடிக்கவைக்கும் சிஆர்டி பேஸ்மேக்கர் பலருக்கும் நன்றாகக் கைகொடுக்கிறது. அந்தச் சிகிச்சை வந்தது 1990-களில். ஐந்தோவன் 1924-ல் நோபல் பெற்று, 1927-லேயே இறந்துவிட்டார்.