செம்பியன் மாதேவி: 6 அரசர்களின் ஆட்சியைப் பார்த்த சோழ ராணி, அவருடைய வம்சத்துக்கு என்ன ஆச்சு?

'பொன்னியின் செல்வன்' படம் பார்த்திருந்தால் செம்பியன் மாதேவியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அரியணை வேண்டும் என்று நிற்கும் மகன் மதுராந்தகனை, வேண்டாம் என்று தடுக்கும் அம்மா. படத்தில் அவருக்குச் சில காட்சிகள்தான். ஆனால் கல்வெட்டுகளில் அவர் 60 ஆண்டுகள் தொடர்ந்து வருகிறார். 941-ல் ஒரு கோயிலில் விளக்கு எரிய அவர் கொடுத்த கொடை பதிவாகியிருக்கிறது. கடைசியாக அவர் பெயர் வருவது 1001-ல்.

இந்த 60 ஆண்டுகளில் சோழ நாட்டை ஆண்டவர்கள் 6 பேர். அவர்களில் ஒருவர் மாமனார், ஒருவர் கணவர், ஒருவர் மகன். மற்ற மூவர் கொழுந்தன் வழி.

முதலில் குடும்ப மரம்

மாமனார் முதலாம் பராந்தகன், 907 முதல் சுமார் 955 வரை ஆண்டவர். அவருடைய மூத்த மகன் ராஜாதித்தன் 949-ல் தக்கோலத்தில் ராஷ்டிரகூடர்களுடன் நடந்த போரில் இறந்துபோனார். பட்டம் அடுத்த மகன் கண்டராதித்தனுக்கு வந்தது. அவருடைய மனைவிதான் செம்பியன் மாதேவி.

957 வாக்கில் கண்டராதித்தன் காலம் முடியும்போது மகன் சின்னப் பையன். அதனால் ஆட்சி கண்டராதித்தனின் தம்பி அரிஞ்சயனுக்கும், பிறகு அவருடைய மகன் சுந்தர சோழனுக்கும் போனது. சுந்தர சோழனின் பிள்ளைகள்தான் ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி. அருள்மொழிதான் பின்னாளில் முதலாம் ராஜராஜன்.

ஆக, ஒரே குடும்பத்தில் இரண்டு கிளைகள். பட்டம் அண்ணன் கிளையில் இருந்து தம்பி கிளைக்கு மாறிவிட்டது. அண்ணன் கிளையில் மிச்சம் இருந்தது ஒரு விதவைத் தாயும் ஒரு குழந்தையும்.

அவருடைய சொந்தப் பெயர் என்ன?

'செம்பியன்' என்றால் சோழன். 'மாதேவி' என்றால் பட்டத்து ராணி. அதாவது நாம் பெயர் என்று நினைப்பது ஒரு பட்டம். பிறந்த வீட்டில் அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது கல்வெட்டில் இல்லை.

கல்வெட்டுகள் அவரை அடையாளம் காட்டும் விதத்தைப் பாருங்க. மழவரையர் மகள், கண்டராதித்தரின் தேவி, உத்தம சோழரைப் பெற்றவர். மழவரையர்கள் இன்றைய அரியலூர் வட்டாரத்து மழநாட்டின் தலைவர்கள். மகள், மனைவி, தாய் என்று மூன்று இடத்திலும் ஒரு ஆணின் பெயரை ஒட்டித்தான் அவர் வருகிறார்.

இதில் ஒரு பயனும் உண்டு. கல்கியின் நாவலில் மதுராந்தகன் அவர் பெற்ற மகனே இல்லை என்று ஒரு திருப்பம் வரும். அது கதை. உத்தம சோழர் அவர் வயிற்றில் பிறந்தவர் என்று கல்வெட்டு நேராகவே சொல்லிவிடுகிறது.

விதவையான பிறகு என்ன செய்தார்?

அதே குடும்பத்தில் இன்னொரு ராணி, சுந்தர சோழனின் மனைவி வானவன் மாதேவி. கணவர் இறந்ததும் கைக்குழந்தையை விட்டுவிட்டு உடன்கட்டை ஏறினார். திருக்கோவிலூர் கல்வெட்டு அதைப் புகழ்ந்து சொல்கிறது. அந்தக் காலத்து அரச குடும்பங்களில் எது பெருமையாகப் பேசப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

செம்பியன் மாதேவி உயிரோடு இருந்தார். கணவர் காலம் முடிந்த பிறகு 40 ஆண்டுகளுக்கும் மேலாக வேலை செய்தார். செங்கல்லில் இருந்த பழைய சிவன் கோயில்களைக் கருங்கல்லில் மாற்றிக் கட்டினார். கோனேரிராஜபுரம், ஆடுதுறை, குத்தாலம், விருத்தாசலம், திருக்கோடிக்காவல், திருவாரூர் அசலேஸ்வரம் என்று பட்டியல் நீளும். இந்தக் கோயில்களின் வெளிச்சுவர் மாடங்களில் கல்லில் நடராஜர் உருவம் இருக்கும். நடராஜர் தமிழ்நாட்டில் இவ்வளவு பரவலானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு என்று கலை வரலாற்று அறிஞர் வித்யா தெஹேஜியா வாதிட்டிருக்கிறார்.

கும்பகோணம் பக்கத்தில் உள்ள கோனேரிராஜபுரம் கோயிலை அவர் கணவர் பெயரால் கட்டினார். கண்டராதித்தர் சிவலிங்கத்தை வணங்கும் சிற்பமும் அங்கே இருக்கிறது. கட்டுமான வேலையை நடத்திய சாத்தன் குணபத்தன் பெயரும் அதே கோயில் கல்வெட்டில் உண்டு.

பழைய கோயிலை இடித்தால் ஆவணம் என்ன ஆகும்?

அன்றைக்குக் கோயில் சுவர்தான் பத்திரப் பதிவு அலுவலகம். யார் எவ்வளவு நிலம் கொடுத்தார், எத்தனை கழஞ்சு பொன் கொடுத்தார் என்பதெல்லாம் கல்லில் வெட்டப்படும். ஒரு விளக்கு அணையாமல் எரிய வழக்கமாக 96 ஆடுகள் கொடுப்பார்கள். ஆட்டை வாங்கிக்கொண்டவர் தினமும் ஒரு உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். கல்லில் அந்த எழுத்து போய்விட்டால், அந்த நெய்யைக் கேட்க ஆதாரமும் போய்விடும்.

திருக்கோடிக்காவல் கோயிலை மாற்றிக் கட்டியபோது, பழைய கற்களில் இருந்த கல்வெட்டுகளைப் படித்துப் புதிய சுவரில் திரும்ப வெட்டினார்கள். இது பழைய எழுத்தின் படி என்ற குறிப்பையும் சேர்த்தார்கள். உங்க ஆபீஸ் மொழியில் சொன்னால், பழைய சர்வரைக் கழற்றும் முன் டேட்டாவைப் புது சர்வருக்கு மாற்றி, எங்கிருந்து வந்தது என்றும் எழுதிவைத்த மாதிரி. அவருக்கு முன்னால் யார் யாரோ கொடுத்த கொடைகளுக்கு இன்று நம்மிடம் ஆதாரம் இருப்பது இதனால்தான்.

மகன் அரசரானாரா?

ஆனார். ஆனால் அதற்கு முன் ஒரு கொலை நடந்தது. பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டார். அதன் பிறகு, சுமார் 971-ல் உத்தம சோழன் அரியணை ஏறினார். லாபம் அவருக்கு என்பதால் சந்தேகமும் அவர் மேல் விழுந்தது. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி அந்தப் பக்கம் விரல் நீட்டியவர். ராஜராஜன் காலத்து உடையார்குடிக் கல்வெட்டு குற்றவாளிகளாகச் சொல்வது சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் முதலியவர்களை. உத்தம சோழன் பெயர் அதில் இல்லை.

985-ல் உத்தம சோழன் காலம் முடிந்ததும் பட்டம் ராஜராஜனுக்குப் போனது. உத்தம சோழனின் மகனுக்குத் தாத்தா பெயர்தான், மதுராந்தகன் கண்டராதித்தன். அவர் ராஜராஜனின் ஆட்சியில் கோயில் கணக்குகளை விசாரிக்கும் அதிகாரியாக இருந்தார். அந்தக் கிளையில் இருந்து பிறகு யாரும் அரசராகவில்லை.

மகன் வழி ஆட்சி போன பிறகும் செம்பியன் மாதேவி ஒதுங்கிவிடவில்லை. ராஜராஜனின் 16-ஆம் ஆட்சியாண்டு வரை அவருடைய கொடைகள் தொடர்கின்றன. நாகப்பட்டினம் மாவட்டத்தில் அவர் பெயரிலேயே இன்றும் ஒரு ஊர் இருக்கிறது. அங்குள்ள கைலாசநாதர் கோயிலில் அவருடைய பிறந்தநாளுக்கென்று மருமகள்கள் கொடை கொடுத்தார்கள். அவர் காலத்துக்குப் பிறகு, தம்பி கிளையில் வந்த ராஜேந்திரன் ஆட்சியில், அதே கோயிலில் அவருக்குச் சிலையும் வைக்கப்பட்டது.

மும்பையில் இருக்கிற நமக்கு இது எதுக்கு?

மகாராஷ்டிராவில் 2024 மே 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு அரசு ஆவணங்களில் அப்பா பெயருக்கு முன்னால் அம்மா பெயரும் வர வேண்டும். மான்குர்த்தில் பிறக்கும் தமிழ்க் குழந்தைக்கும் இதே விதிதான். அதற்கு முன் பிறந்த நம்மில் பலருடைய பான் கார்டில் இருப்பது அப்பா பெயர் மட்டும்.

உங்க வீட்டுக் குடும்ப மரத்தை ஒரு தாளில் வரைந்து பாருங்க. திருநெல்வேலியில் இருந்தோ சேலத்தில் இருந்தோ தாராவிக்கு முதலில் வந்த தாத்தாவின் பெயர் சட்டென வரும். அவருடன் வந்த பாட்டி? அந்தப் பாட்டியின் அம்மா? பல வீடுகளில் அங்கே 'ஆச்சி', 'அம்மாயி', 'பெரியம்மா' என்று உறவுமுறைதான் மிஞ்சும். 6 அரசர்களைப் பார்த்த ராணிக்கே பிறந்த வீட்டுப் பெயர் தங்கவில்லை. உங்க பாட்டியின் பெயரைச் சொல்ல ஆள் இருக்கும்போதே ஊருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டு, எழுதி வையுங்க.