கப்பலோட்டிய வழக்கறிஞர்

ஒட்டப்பிடாரத்தில் 1872ஆம் ஆண்டு பிறந்த வ. உ. சிதம்பரனார், தூத்துக்குடியில் வழக்கறிஞராக விளங்கினார். அக்காலத்தில் கொழும்புக்குச் செல்லும் கப்பல் வாணிகம் ஆங்கிலக் கம்பெனியின் கையில் இருந்தது. அதற்கு எதிராக அவர் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். மூலதனம் 10 இலட்சம் ரூபாய்; பங்கொன்றின் விலை 25 ரூபாய். காலியா, லாவோ என்னும் கப்பல்கள் மறு ஆண்டில் வந்து சேர்ந்தன. ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது; இலவசமாகவும் ஏற்றிச் செல்ல முன்வந்தது; பயணிகளுக்குக் குடைகூடத் தந்ததாம்!

வாணிகப் போட்டி மட்டுமாயின் சுதேசிக் கம்பெனி தாங்கியிருக்கலாம். ஆனால், சிதம்பரனார் மேடைதோறும் சுயராச்சியம் பேசினார். 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்திற்கும் துணை நின்றார். அப்பேச்சின்மேல் எழுந்த ஆட்சியாளர் சினம் கப்பலின்மேலும் பாய்ந்தது. அதிகாரிகள் ஆங்கிலக் கப்பலுக்கே சார்பாயினர். அவர் அரசியலை விட்டால் கம்பெனி பிழைக்கும் என நிருவாகிகள் சிலர் கருதினர். அவ்வச்சம் பொருளற்றதன்று, பலருடைய பணம் அதில் முடங்கியிருந்தது. எனினும், சிதம்பரனார் வாய் மூடினாரில்லை.

மார்ச்சுத் திங்கள் 12ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். இராசத்துரோகக் குற்றத்திற்காக இரட்டை ஆயுள் தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். தலைவரை இழந்த கம்பெனி 1911இல் கலைக்கப்பட்டது. 1912ஆம் ஆண்டின் இறுதியில் அவர் விடுதலை பெற்று வெளியே வந்தபோது, சுதேசிக் கப்பல் ஒன்றும் கடலில் இல்லை.