படுக்கையறையில் ஓர் உலைக்களம்

பொறியியல் படிக்க வந்திருக்கும் நம்மவருள் பலர் நீராவிச் சம்மட்டியைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். அதன் அருகில் ஜேம்ஸ் நாஸ்மித் என்ற பெயரும் 1839 என்ற ஆண்டும் அச்சாகியிருக்கும். தேர்வு முடிந்ததும் இரண்டும் மறந்து போகும். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு சிறுவனும், அவன் வீட்டுக்குள்ளேயே அமைத்துக்கொண்ட ஒரு சின்னஞ்சிறு பட்டறையும் இருந்த கதையை எந்தப் பாடப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. 1883-இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்று நூலைப் படித்த பிறகே அதை அறிந்தேன். படித்ததிலிருந்து, நம் சங்கத்து நண்பர்களுக்கு இதை எப்படியும் எழுதிவிட வேண்டும் என்ற ஆவல் என்னை விடவில்லை.

ஜேம்ஸ் நாஸ்மித் 1808-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தான். தந்தை அலெக்சாண்டர் நாஸ்மித் பெயர் பெற்ற ஓவியர். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் முகம் என்று இன்று உலகம் அறிந்திருப்பது, 1787-இல் அவர் தீட்டிய ஓவியத்தின் வழியாகத்தான். ஆனால் அந்த ஓவியருக்கு இயந்திரங்களின் மேலும் தீராத பற்று. வீட்டிலேயே ஒரு பட்டறை வைத்திருந்தார். காலால் மிதித்து ஓட்டும் கடைசல் இயந்திரமும் வைஸும் அரங்களும் அங்கே இருந்தன. தூரிகை பிடித்த கையே ஓய்ந்த நேரத்தில் அரமும் பிடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு இரும்பு வேலை ஒன்றை முடித்தாக வேண்டியிருந்தது. ஓய்வு நாளில் சம்மட்டி ஓசை எழுந்தால் அண்டை அயலார் முகம் சுளிப்பார்கள். அவர் என்ன செய்தார்? தறையாணியைத் தட்டாமல், வைஸின் வாய்க்குள் வைத்து நெருக்கி நசுக்கியே தலை கட்டிவிட்டார். ஓசையும் இல்லை, பிடிப்பும் உறுதி. இடையூறு ஒன்று வந்தால் அதையே புதுவழிக்கு வாயிலாக்கிக் கொள்ளும் அந்தக் குணம் மகனுக்கும் வந்து சேர்ந்தது.

பள்ளிக்கூடம் ஜேம்ஸுக்கு இனிக்கவில்லை. இலத்தீன் இலக்கணத்தை உருப்போடும் வகுப்பில் அவன் மனம் நிலைக்கவில்லை. ஆனால் பம்பரம் கடைந்து தருவதிலும் சிறு பித்தளைப் பீரங்கி செய்து தருவதிலும் பள்ளித் தோழர்களிடையே அவனுக்குப் பெரும் புகழ். 1820-இல், பன்னிரண்டு வயதில், அந்தப் பள்ளியை விட்டான். தோழன் ஒருவனுடைய தந்தைக்கு இரும்பு வார்ப்படச் சாலை இருந்தது. விடுமுறை நேரங்களில் ஜேம்ஸ் அங்கே போய், அச்சுமண் இடிப்பதையும், உருகிய இரும்பு ஓடுவதையும், கொல்லர் அடிப்பதையும் பார்த்துக்கொண்டு நிற்பான். இடம் கொடுத்தால் தானும் கைபோடுவான். பிற்காலத்தில் அவர் தம் உண்மையான பள்ளி என்று நினைவுகூர்ந்தது அந்தச் சாலையைத்தான்.

அடுத்து அவன் மனத்தைப் பிடித்துக்கொண்டது நீராவி எந்திரத்தின் மாதிரி. இன்று கடையில் வாங்கலாம்; அன்று அப்படிக் கிடைக்காது. எல்லாவற்றையும் தானே செய்தாக வேண்டும். முதலில் மரத்தில் வடிவம் செதுக்க வேண்டும். அதை மண்ணில் புதைத்து எடுத்து அச்சு உண்டாக்க வேண்டும். பித்தளையை உருக்கி ஊற்ற வேண்டும். ஆறியதைக் கடைய வேண்டும், அராவ வேண்டும், துளையிட வேண்டும், மரை வெட்ட வேண்டும். உருளையின் உட்புறம் மயிரிழை கோணினாலும் நீராவி கசிந்து, எந்திரம் நின்றுவிடும். மாதிரி சிறிது என்பதற்காக நீராவி யாருக்கும் சலுகை காட்டுவதில்லை.

கடைவதற்குத் தந்தையின் பட்டறை இருந்தது. பித்தளை உருக்குவதற்கு? ஜேம்ஸ் தன் படுக்கையறையையே வார்ப்படச் சாலை ஆக்கிக்கொண்டான். குளிர்நாட்டு வீடுகளில் அறைதோறும் கணப்பு உண்டல்லவா? அந்தக் கணப்பே அவனுக்கு உலை ஆயிற்று. மூசையை அதிலே வைத்து உருக்கினான். அவன் அறைக்கு நேர்கீழே தந்தையின் படுக்கையறை. ஆகவே அச்சுமண்ணை ஓசைபடாமல் இறுக்கும் வகையைக் கண்டுகொண்டான். ஞாயிற்றுக்கிழமைத் தறையாணியைச் சத்தமில்லாமல் நசுக்கிய தந்தைக்கு ஏற்ற மகன்!

பதினைந்தாம் வயதில் அவன் கையால் முதல் நீராவி எந்திரம் உருவாயிற்று. அது மேசைமேல் வைத்து அழகு பார்க்கும் பொம்மை அன்று. அதன் உருளை 1¾ அங்குல விட்டமே உடையது. ஆனால் தந்தை ஓவியத்துக்கு வேண்டிய எண்ணெய் வண்ணங்களை அது அரைத்துக் கொடுத்தது. அந்த வீட்டில் கலையும் தொழிலும் ஒரே உலையில் வெந்தன என்று சொன்னால் மிகையாகாது.

1821-இல் எடின்பரோவில் தொழிலாளர்க்கென ஒரு கலைப் பள்ளி தோன்றியது. இன்றைய ஹெரியட்-வாட் பல்கலைக்கழகம் அதிலிருந்து வளர்ந்ததே. அதன் தொடக்ககால மாணவருள் ஜேம்ஸும் ஒருவன். பல்கலைக்கழகத்தில் பெரும் பேராசிரியர்கள் நடத்திய இயற்பியல், வேதியியல் சொற்பொழிவுகளையும் கேட்க ஆசை. அதற்கு நுழைவுக் கட்டணம் உண்டு. தந்தையிடம் கை நீட்ட அவன் விரும்பவில்லை. உள்ளுறுப்புகள் இயங்குவது வெளியே தெரியும்படி, நீராவி எந்திரத்தைப் பாதியாய் அறுத்துக் காட்டுவது போன்ற மாதிரிகளைச் செய்து விற்றான். கற்பிப்போர் விரும்பி வாங்கினர். அந்தப் பணம் கட்டணம் ஆயிற்று. இரவில் பித்தளையை உருக்கிப் பகலில் அறிவியல் கேட்டான் அந்த மாணவன். பேராசிரியர் ஜான் லெஸ்லி தம் சோதனைக் கருவிகளையே அவனிடம் செய்யக் கொடுத்து, நட்பும் பாராட்டினார்.

வீட்டுப் பட்டறை பிறகு வீதிக்கு வந்தது. ஸ்காட்லாந்துக் கலைக் கழகத்தார் 60 பவுன் கொடுத்து, நீராவியால் ஓடும் சாலை வண்டி ஒன்றைச் செய்யச் சொன்னார்கள். பத்தொன்பது, இருபது வயது இளைஞன் அதைச் செய்து, எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு எடின்பரோச் சாலையில் ஓட்டிக் காட்டினான். அதை வாணிகமாக்க எவரும் முன்வரவில்லை. வண்டியைப் பிரித்து, எந்திரத்தையும் கொதிகலனையும் விற்றதில் 67 பவுன் கிடைத்தது.

1829-ஆம் ஆண்டு. அந்நாளில் இலண்டனில் இயந்திரக் கலைக்கே தலைவராக விளங்கியவர் ஹென்றி மாட்ஸ்லி. அவரிடம் வேலை கற்க வேண்டும் என்பது ஜேம்ஸின் தவம். தந்தை உடன்வர இலண்டன் சேர்ந்தான். மாட்ஸ்லியோ, பணம் கட்டிப் பயிற்சிக்கு வந்த செல்வர் வீட்டுப் பிள்ளைகளால் சலிப்படைந்து, இனி எவரையும் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்திருந்தார். எனினும் வந்தவர்களுக்குச் சாலையைச் சுற்றிக் காட்டினார். கொதிகலன் அருகே ஒருவன் சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தான். அந்த வேலை கிடைத்தாலும் போதும் என்றான் ஜேம்ஸ். பெரியவர் நின்று அவனை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு, அவன் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த மாதிரி எந்திரத்தையும் வரைபடங்களையும் காட்டச் சொன்னார்.

அந்த மாதிரியின் வார்ப்படம் முதல் இறுதி மெருகுவரை ஜேம்ஸின் கைவேலை. மாட்ஸ்லி அதைத் தனியே வைத்துப் பார்த்தார். வெளியே ஜேம்ஸ் நெஞ்சு படபடக்கக் காத்திருந்தான். திரும்பி வந்தவர், பயிற்சியாளனாக அன்று, தம் சொந்த வேலையறையில் தமக்குத் துணையாளனாகவே அவனை அமர்த்திக்கொண்டார். அவன் காட்டியது பட்டமன்று, பரிந்துரைக் கடிதமன்று. உள்ளங்கையில் தூக்கக்கூடிய உண்மை. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான். இனி நாமும் அவனை அவர் என்றே அழைப்போம்.

வாரக்கூலி பத்து ஷில்லிங். அதற்குள் வாழ்ந்துவிட வேண்டும் என்று நாஸ்மித் உறுதி பூண்டார். கடைச் சாப்பாடு கட்டுப்படியாகவில்லை. எண்ணெய் விளக்கின் சுடரில் மெல்ல வெந்துகொண்டிருக்கும் சமையற்கலம் ஒன்றை வரைந்து, தகரக் கொல்லரிடம் கொடுத்துச் செய்வித்தார். காலையில் இறைச்சியும் காயும் இட்டு விளக்கை ஏற்றிவிட்டு வேலைக்குப் போவார். திரும்பும்போது உணவு பதமாக இருக்கும். விடுதிச் சாப்பாட்டைப் பற்றி நாள்தோறும் தீர்மானம் நிறைவேற்றும் நாம் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்!

மாட்ஸ்லி அவருக்குக் கொடுத்த முதல் வேலைகளுள் ஒன்று, 200 குதிரைத்திறன் கொண்ட கப்பல் எந்திரத்துக்கு மாதிரி செய்வது. அதற்கு மிகச் சிறிய ஆறுபக்க நட்டுகள் ஏராளமாய் வேண்டியிருந்தன. ஒவ்வொன்றையும் அரத்தால் அராவினால் காலமும் போகும், பக்கமும் ஒத்துவராது. நட்டைக் கணக்காய்த் திருப்பி நிறுத்தி, சுழலும் வெட்டுச் சக்கரத்தால் பக்கங்களைச் சீவும் சிறு இயந்திரம் ஒன்றை நாஸ்மித் படைத்தார். இன்றைய மில்லிங் இயந்திரத்தின் முன்னோர் வரிசையில் அதற்கும் இடம் உண்டு. மாதிரிக்காகப் பிறந்த கருவி பெருந்தொழிலுக்குப் பயன்பட்டது.

1831-இல் மாட்ஸ்லி மறைந்தார். நாஸ்மித் எடின்பரோ திரும்பி, தமக்கு வேண்டிய இயந்திரங்களைத் தாமே செய்துகொண்டார். சிறிய கடைசல் இயந்திரத்தைக் கொண்டு இழைக்கும் இயந்திரம்; அதைக் கொண்டு அதனினும் பெரியன. விதை ஒன்று தோப்பானது போல! 1834-இல் 63 பவுன் முதலுடன் மான்செஸ்டரில், பழைய பஞ்சாலைக் கட்டடத்தின் மாடி ஒன்றில் தொழில் தொடங்கினார். ஒருநாள் பெரிய எந்திரம் ஒன்றின் உத்தரம் தளத்தைப் பொத்துக்கொண்டு, கீழே கண்ணாடி வேலை செய்பவரின் சரக்குகள் மேல் இறங்கிற்று. தொழில் வளர்ந்துவிட்டதற்கு வேறு அறிவிப்பு வேண்டுமா? 1836-இல் கால்வாயும் இரயில் பாதையும் சந்திக்கும் பாட்ரிகிராப்டில் பிரிட்ஜ்வாட்டர் வார்ப்படச் சாலை எழுந்தது.

1839 நவம்பர் 24-இல் அந்தச் சம்மட்டி பிறந்தது. கிரேட் பிரிட்டன் என்னும் பெருங்கப்பலின் துடுப்புச் சக்கரங்களுக்கு 30 அங்குல விட்டமுள்ள தண்டு தேவைப்பட்டது. அதை அடித்து உருவாக்க எவராலும் இயலவில்லை. அக்காலச் சம்மட்டி சிறிதளவே எழும்பும். இரும்பு பருமனாக ஆக, சம்மட்டி விழும் தூரம் குறைந்து அடியும் தளர்ந்துவிடும். செய்தி கிடைத்ததும் நாஸ்மித் வரைபடம் தீட்டிவிட்டார்: மேலே ஒரு நீராவி உருளை, அதன் தண்டில் தொங்கும் கனத்த இரும்புக்கட்டி, நீராவி தூக்கும், விட்டால் விழும். ஆனால் கப்பல்காரர்கள் துடுப்புச் சக்கரத்தைக் கைவிட்டு, பின்புற விசிறிக்கு மாறினார்கள். வரைபடம் ஏட்டிலேயே உறங்கிற்று. 1842-இல் பிரான்சின் லெ குருசோ ஆலைக்குப் போனவர், அங்கே தம் சம்மட்டியே வேலை செய்துகொண்டிருக்கக் கண்டார். அந்த ஆலையினர் முன்பே அவர் ஏட்டைப் பார்த்திருந்தனர் என்பது அவர் கூற்று. தங்கள் பொறியாளர் பூர்டோனின் படைப்பே அது என்பது பிரெஞ்சுக்காரர் கூற்று. ஊர் திரும்பியதும் அவர் அதே ஆண்டில் காப்புரிமை பெற்றார். மதுக்கிண்ணத்தில் வைத்த முட்டையின் ஓட்டை மட்டும் உடைத்துக் கிண்ணத்தை உடைக்காமல் விடும் அதன் பதமான அடி காண்போரை வியப்பில் ஆழ்த்தியது.

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். தொழிற்சங்கங்களை நாஸ்மித் கடுமையாக எதிர்த்தார். ஏழாண்டுப் பயிற்சி முடித்தவர்க்கே வேலை என்ற தொழிலாளர் கோரிக்கையை ஏற்க மறுத்தார். தாமாக இயங்கும் இயந்திரங்களைப் பெருக்கி ஆட்களைக் குறைத்ததைப் பெருமையாகவே கருதினார். கைத்திறன் ஒன்றாலேயே மேலே வந்த ஒருவர், பிறர் கைத்திறனுக்கு விலையில்லாமற் செய்தாரே என்று என் மனம் வருந்தத்தான் செய்கிறது. மாட்ஸ்லி தமக்குத் திறந்த கதவை, தம் சாலையில் வேலை செய்தவர்க்கு அவர் அதே அளவு திறக்கவில்லை. பொறியாளராகப் போகும் நாம் அவர் திறமையோடு இந்த முரண்பாட்டையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

1856-இல், 48-ஆம் வயதில், போதும் என்று தொழிலை விட்டார். கென்ட் மாவட்டத்துப் பென்சர்ஸ்டில் வீடு வாங்கினார். அதற்குச் சம்மட்டியின் பெயரையே சூட்டி ஹாமர்பீல்டு என்றழைத்தார். சிறுவயதின் வீட்டுப் பட்டறை மீண்டும் வந்தது. தம் கைப்படச் செய்த 20 அங்குலத் தொலைநோக்கியில் நிலவை ஆண்டுக்கணக்கில் பார்த்தார். ஓவியர் மகனல்லவா, பார்த்ததை வரைந்தார். வரைந்ததைச் சுண்ணச்சாந்தில் மாதிரியாக்கி, வெயிலில் வைத்துப் படம் பிடித்து, ஜேம்ஸ் கார்பென்டர் என்பவருடன் சேர்ந்து 1874-இல் நூலாக வெளியிட்டார். நிலவின் குழிகள் எரிமலையால் வந்தவை என்ற அவர் கொள்கை நிலைக்கவில்லை. பெரும்பாலானவை விண்கற்கள் மோதியதால் ஆனவை என்பதை இன்று அறிவோம். ஆயினும் அந்த மாதிரிகளின் அழகு குன்றவில்லை. நிலவில் ஒரு குழி அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1890 மே 7-இல் அவர் காலமானார்.

எட்டாண்டு கழித்து, 1898-இல், வீட்டில் இயந்திர மாதிரி செய்வோர்க்கென்றே இலண்டனில் ஓர் இதழ் தோன்றியது. எழுத்தர், ஆசிரியர், கடைக்காரர் எனப் பலரும் கொல்லைப்புறக் கொட்டகையில் கடைசல் இயந்திரம் வைத்து, உண்மையாகவே ஓடும் குட்டி இரயில் எந்திரங்களைச் செய்யலாயினர். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. நாஸ்மித்துக்கும் தொடக்கத்தில் அப்படித்தான்.

நண்பர்களே, நம் பட்டறை வகுப்பில் இரும்புத் துண்டைச் சதுரமாக அராவச் சொன்னால், மதிப்பெண் விழும் அளவுக்கு அராவிவிட்டுக் கைகழுவி வந்துவிடுகிறோம். தேர்வாளர் பார்க்காத பக்கத்தையும் நீராவி பார்த்துவிடும் என்பதைப் பதினைந்து வயதுச் சிறுவன் அறிந்திருந்தான். நம் விடுதி அறையில் உலை மூட்ட வார்டன் இடம் தரமாட்டார், தரவும் வேண்டாம். ஆனால் இந்தப் பல்கலைக்கழகத்தை விட்டுப் போகும் நாளில், சான்றிதழோடு கூட, முதலிலிருந்து முடிவுவரை நம் கையாலேயே ஆன ஒரு பொருளும் பெட்டியில் இருக்கட்டும். கேட்பவர் எவராயினும், வாயால் விளக்காமல் எடுத்து மேசைமேல் வைக்கலாம்.